அத்தியாயம் 5: துணைப் பாத்திரங்கள் – நாயுடுபுரத்து மனிதர்களை மேசைக்குக் கொண்டுவருதல்

விதிமுறைப் புத்தகம் தேர்ந்தெடுத்தாயிற்று. ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் தங்கள் பாத்திரங்களை எழுதி முடித்துவிட்டார்கள். இனி அவர்கள் கதைக்குள் கால் வைத்ததும் பேச ஆள் வேண்டும். டீக்கடைக்காரர், வழி சொல்பவர், கடன் கொடுத்தவர், காவல்காரர், பொய் சொல்பவர் என்று ஆட்டக்காரர் யாரும் எடுத்துக்கொள்ளாத அத்தனை பேரும் கதையை நடத்தும் கேம் மாஸ்டரின் பொறுப்பு. விளையாடுபவர்கள் இவர்களை என்பிசி என்பார்கள். இந்த நூலில் துணைப் பாத்திரம் என்று எழுதுகிறேன்.

ஒரு மாலை பென்சிலோடு உட்கார்ந்தால் போதும். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நடக்கிற ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய ஆட்கள் உங்கள் கையில் இருப்பார்கள். உங்கள் ஊர் வேறு என்றால் முறையை எடுத்துக்கொண்டு ஊரை மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டியங்காரனிடம் தொடங்குங்கள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்பு ஆட்டம் 1974-ல் வெளிவந்தது. கூலிக்கு ஆள் அமர்த்துவது, எதிர்ப்படுகிறவரின் மனநிலையை இரண்டு பகடை உருட்டித் தெரிந்துகொள்வது எல்லாம் அந்த முதல் பதிப்பிலேயே உண்டு. ஒரே ஆள் பத்துப் பேராக மாறி ஆட்டத்தை நகர்த்தும் வித்தையைக் கற்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வட தமிழகத்தில் தெருக்கூத்து நடக்கும் ஊருக்குப் போய்க் கட்டியங்காரனை ஓர் இரவு கவனியுங்கள்.

திரைக்குப் பின்னால் வேடம் வந்து நிற்கும். கட்டியங்காரன் கேட்பான்: யார் நீ, எந்த நாடு, எதற்காக வந்தாய்? ராஜா தன் பெருமையைச் சொல்லத் தொடங்குவார். ஊருக்கு ராஜாவை அறிமுகப்படுத்தியது கட்டியங்காரனின் கேள்வி. அடுத்த காட்சியில் அவனே வாயில்காப்பவன், அதற்கடுத்து தூதன், பிறகு ஊர்க்காரன். வேலை முடிந்ததும் ஒதுங்கிவிடுவான். அவனுடைய வரலாறு யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய கொள்கை இவ்வளவுதான். துணைப் பாத்திரம் முதலில் கேட்க வேண்டும், அப்புறம்தான் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களின் வாயைத் திறக்கிற பாத்திரம் நல்ல பாத்திரம். கீழே வருகிற படிகள் எல்லாம் இதை நடைமுறைக்குக் கொண்டுவரத்தான்.

தேவையானவை

போஸ்ட் கார்டு அளவு அட்டைகள் பத்து, பென்சில், அழிப்பான், ஆறு முகப் பகடை இரண்டு. லூடோ பெட்டியில் இருப்பதே போதும். கொடைக்கானலில் விளையாடுவதாக இருந்தால் சார்ஜ் போட்ட எமர்ஜென்சி விளக்கு ஒன்றும் வேண்டும்.

களம்: நாயுடுபுரம்

துணைப் பாத்திரங்களைப் பழகுவதற்கு நாயுடுபுரம் மாதிரியான இடம் அருமையானது. ஏரிக்கரையின் கூட்டமும் கூச்சலும் இங்கே குறைவு, ஆனால் எல்லா வகை ஆட்களும் வந்துபோகக் காரணம் உண்டு. குறிஞ்சி ஆண்டவர் கோயில் இந்தப் பக்கம்தான். 1936-ல் அதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். வெளிநாட்டில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவியவர், இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. பழனித் தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ள கோயில் என்பதால் பக்தர்கள் வருவார்கள். வானம் தெளிவாக இருந்தால் பழனி மலை தெரியும் என்று சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள். செட்டியார் பூங்காவுக்கு வருகிற குடும்பங்கள் தனி. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள், பூண்டு விளையும் கிராமங்கள். வீட்டு வாசல்வரை வந்து நிற்கும் காட்டுமாடுகள்.

இதில் நடக்கும் கதைக்குத் ‘திரும்பி வந்த குதிரை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜனவரி மாதம், மாலை ஆறு மணி, மேகம் இறங்கிவிட்டது. பூண்டு மூட்டை சுமந்த பொதிக் குதிரை ஒன்று தனியாக வந்து கோயில் வாசலில் நிற்கிறது. அதை ஓட்டிப்போன வீரணனைக் காணவில்லை. ஆட்டக்காரர்களின் நான்கு பாத்திரங்களும் அங்கே நிற்கிறார்கள்.

நடந்தது என்ன என்பது கேம் மாஸ்டருக்கு மட்டும் தெரியும். வீரணன் தரகரிடம் கடன் பட்டிருக்கிறார். அந்தத் தரகருக்கே போட்டால் பூண்டுக்கு நல்ல விலை வராது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் விலை யார் கையில் என்பது விவசாயிக்குப் பெரிய கவலைதான். அதனால் அவர் வழக்கமான மேல் ரோட்டை விட்டுக் கீழே இறங்கும் பழைய பாதையில் வேறொரு வியாபாரியின் லாரியைப் பிடிக்கப் போனார். வழியில் கன்றோடு நின்ற காட்டுமாட்டைக் கண்டு ஒதுங்கும்போது சறுக்கி விழுந்து கால் முறிந்தது. குதிரை மிரண்டு ஓடி வந்துவிட்டது. அவர் தவழ்ந்துபோய் ஒரு கல் கொட்டகைக்குள் கிடக்கிறார். பாதையும் கொட்டகையும் ஆட்களும் கதைக்காகக் கற்பனை செய்தவை.

அட்டை எழுதும் முறை: ஏழு படிகள்

1. முதலில் இடத்தை எழுதுங்கள், அப்புறம் ஆளை. ஆட்டக்காரர்கள் விசாரிக்க எங்கெங்கே போவார்கள்? டீக்கடை, வீரணன் வீடு, தரகர் கடை, வனத்துறைச் சோதனைச் சாவடி, பக்கத்தில் உள்ள ஹோம்ஸ்டே. ஓர் இடத்துக்கு ஓர் ஆள். ஐந்து பேர் போதும். முதல் ஆட்டத்துக்கு ஏழைத் தாண்டினால் ஆட்டக்காரர்களுக்குப் பெயர் குழம்பும்.

2. வேறு வேறு எழுத்தில் தொடங்கும் பெயர் வையுங்கள். முருகன், முத்து, முனியாண்டி மூவரையும் ஒரே கதையில் விட்டால் அரை மணி நேரத்தில் யார் யாரென்று தெரியாமல் போகும். நம் கதையில் செல்லத்தாய், அந்தோணி, பால்பாண்டி, இம்ரான், முருகேஸ்வரி. காணாமல்போனவர் வீரணன்.

3. இன்றைக்கு ராத்திரிக்குள் அவருக்கு என்ன வேண்டும்? இதுதான் அட்டையின் உயிர். ‘பணக்காரர் ஆக வேண்டும்’ என்பது வாழ்நாள் ஆசை. அதை மேசையில் ஆடிக் காட்ட முடியாது. ‘எட்டு மணிக்கு வடுகபட்டி லாரி கிளம்புவதற்குள் மூட்டை கைக்கு வர வேண்டும்’ என்று எழுதினால் பால்பாண்டி கடை வாசலில் எப்படி நிற்பார், எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்ப்பார் என்பது தானாக வரும்.

4. அவர் கேட்கும் கேள்வி ஒன்று. ஆட்டக்காரரைப் பார்த்ததும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியை வார்த்தை மாறாமல் எழுதி வையுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள்.

5. தெரிந்தது ஒன்று, மறைப்பது ஒன்று, தப்பாக நம்புவது ஒன்று. மூன்றும் எல்லாருக்கும் வேண்டாம். ஏதாவது இரண்டு இருந்தால் போதும். தப்பான நம்பிக்கை பொய்யைவிடப் பயனுள்ளது. நல்லவர் ஒருவரே ஆட்டக்காரர்களைத் தவறான திசையில் அனுப்பிவிட முடியும், யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை.

6. கைக்கு ஒரு வேலை. குரலை மாற்றிப் பேச வராதவர்களுக்கு இதுதான் துணை. மேசை துடைப்பது, விளக்கைத் தட்டிப் பார்ப்பது, குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிடுவது. நீங்கள் அதைச் செய்ததும் யார் பேசுகிறார் என்று மேசைக்கே தெரிந்துவிட வேண்டும்.

7. ஆட்டக்காரர்கள் வராவிட்டால் அவர் என்ன செய்வார்? நேரம் போட்டு ஒரு வரி. ஏழரைக்குச் செல்லத்தாய் கடையை மூடுவார். எட்டுக்குப் பால்பாண்டி குதிரையைத் தேடித் தானே வருவார். ஆட்டக்காரர்கள் தயங்கி நின்றால் கதை அவர்களைத் தேடி வரட்டும்.

எழுதி முடித்த அட்டை இப்படி இருக்கும்:

> செல்லத்தாய். டீக்கடை. 50 வயதுக்கு மேல். 
> வேண்டியது: சீக்கிரம் கடையைப் பூட்டிவிட்டு மேகம் அடர்வதற்குள் வீடு சேர வேண்டும். 
> கேள்வி: “நீ யாரு வீட்டுப் புள்ள? அவரு ஒனக்கு என்ன வேணும்?” 
> தெரிந்தது: விடியற்காலையில் வீரணன் கீழ்ப் பாதையில் இறங்கினார். 
> தப்பாக நம்புவது: ஆட்டக்காரர்களைத் தரகர் அனுப்பியிருக்கிறார். 
> கை: ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். 
> 7.30: கடை மூடல்.

இவ்வளவுதான். அவர் கணவர் யார், கடை எப்போது வைத்தார், எத்தனை பிள்ளைகள் என்று எழுத வேண்டாம். யாராவது கேட்டால் அந்த இடத்தில் சொல்லுங்கள், சொன்னதை உடனே அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நால்வரையும் சுருக்கமாகத் தருகிறேன். அட்டையை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பால்பாண்டி, தரகர். அவருடைய முதல் கேள்வி, “மூட்ட எவ்வளவு நனஞ்சிருக்கு?” ஆளைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பதை ஆட்டக்காரர்களே கவனிப்பார்கள், நீங்கள் சுட்டிக்காட்டக் கூடாது. அதே சமயம் அவருக்கும் ஒரு நியாயம் வையுங்கள். லாரி வாடகைக்கு முன்பணம் கட்டியிருக்கிறார், இன்றைக்குச் சரக்கு போகாவிட்டால் அவர் கைக்காசு போகும்.

முருகேஸ்வரி, வீரணனின் மனைவி. கணவர் தரகரிடம் போகவில்லை என்று தெரியும். கடன் விஷயம் வெளியே தெரிந்தால் அவமானம் என்று மறைக்கிறார். அவர் கேள்வி: “குதிரைக்கு எங்கெங்க அடி பட்டிருக்கு?” சேணத்தைத் தடவிக்கொண்டே கேட்பார்.

அந்தோணி, வேட்டைத் தடுப்புக் காவலர். கன்று ஈன்ற காட்டுமாடு கீழே வாட்டில் மரக் காட்டுக்குள் நிற்பது தெரியும். இருட்டில் யாரும் இறங்கக் கூடாது என்பதுதான் அவருக்கு வேண்டியது. ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கேள்வி: “எத்தன பேரு? கையில என்ன வெளிச்சம் வச்சிருக்கீங்க?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் ஆட்டக்காரர்கள் தங்கள் திட்டத்தையே யோசிப்பார்கள்.

இம்ரான், ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கும் இளைஞர். மதியம் கீழே யாரோ கத்தியதைக் கேட்டார், சுற்றுலாப் பயணிகள் ஆட்டம் போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று இப்போது அரிக்கிறது.

உதவிக்குறிப்பு: ஆறாவதாக ஒரு வெளியூர்க்காரரைக் கைவசம் வைத்திருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கோயிலுக்கு வந்த யாத்திரிகர் நாயுடுபுரத்துக்குப் பொருத்தம். எதுவும் தெரியாதவர் என்பதால் எதையும் கேட்கலாம். ஆட்டக்காரர்களுக்குக் கதை மறந்துபோயிருந்தால், “என்ன பிள்ளையள், இஞ்ச என்ன நடந்தது?” என்று அவர் கேட்கட்டும். அவர்களே இதுவரை நடந்ததைச் சொல்லி முடிப்பார்கள்.

தடயத்தை ஒருவரிடமே வைக்காதீர்கள்

விசாரணைக் கதைகளில் ஆட்டம் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் இதுதான். முக்கியமான தகவல் ஒரே துணைப் பாத்திரத்திடம் இருக்கும், ஆட்டக்காரர்கள் அவரிடம் போகவே மாட்டார்கள். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற ஆட்ட எழுத்தாளர் இதற்கு மூன்று தடய விதி என்று ஒன்றைச் சொன்னார். ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் குறைந்தது மூன்று தடயங்கள்.

நம் கதையில் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு. வீரணன் கீழ்ப் பாதையில் போனார் என்பதைச் செல்லத்தாய் பார்த்தார். முருகேஸ்வரியைப் பேச வைத்தால் அவர் தரகரிடம் போகவில்லை என்று தெரியும். குதிரையின் சேணத்தில் வாட்டில் இலை ஒட்டியிருக்கிறது. அடுத்தது, அவர் கொட்டகையில் கிடக்கிறார் என்பது. இம்ரான் கேட்ட சத்தம் ஒன்று, அந்தப் பக்கம் ஒதுங்க வேறு இடம் கிடையாது என்று அந்தோணிக்குத் தெரிந்தது இன்னொன்று, கயிற்றை விட்டால் குதிரையே அந்தப் பாதைக்கு இழுப்பது மூன்றாவது. மூன்றில் ஒன்றாவது மனிதர் வாயிலிருந்து வராததாக இருப்பது நல்லது. ஆட்டக்காரர்கள் எல்லாரையும் பகைத்துக்கொள்ளும் இரவுகளும் உண்டு.

மேசையில் எப்படி நடக்கும்

ஒரு பகுதியை அப்படியே தருகிறேன். கயல் என்பவர் பள்ளி ஆசிரியை, ராபின் ஜீப் டிரைவர். இருவரும் ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள்.

> கேம் மாஸ்டர் (பலகையைத் துடைத்துக்கொண்டே): “கதவச் சாத்திட்டு வாங்கப்பா, குளிரு உள்ள வருது. காப்பியா, டீயா? பால் தீந்துபோச்சு, வரக்காப்பிதான்.” 
> கயல்: “ரெண்டு குடுங்கக்கா. வீரணன் அண்ணனப் பாத்தீங்களா? அவரு குதிர மட்டும் கோயில் வாசல்ல வந்து நிக்குது.” 
> செல்லத்தாய்: “குதிர மட்டுமா? நீ யாரு வீட்டுப் புள்ள? அவரு ஒனக்கு என்ன வேணும்?” 
> கயல் (கொஞ்சம் யோசித்து): “எங்கப்பாவோட சேந்து மூட்ட தூக்குனவருக்கா. நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப குதிர மேல உக்கார வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாரு.” 
> செல்லத்தாய் (துணியைக் கீழே வைத்து): “அப்ப ஒன்கிட்ட சொல்லலாம். விடியக்காலம் வந்தாரு. வழக்கமா மேல ரோட்டுக்குத்தான் போவாரு. இன்னைக்குக் கீழ எறங்குனாரு.” 
> ராபின்: “ஏன்னு கேக்கலையாக்கா?” 
> செல்லத்தாய்: “நீங்க ஏன் தம்பி கேக்குறீங்க? பால்பாண்டி அனுப்புனானா?”

கயல் சிறுவயதில் குதிரையேறிப் பள்ளிக்குப் போன கதை அந்த ஆட்டக்காரரின் தாளில் இல்லை. கேள்வி வந்ததும் அந்த நொடியில் பிறந்தது. இனி அவருக்கு வீரணன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய யாரோ ஒருவர் இல்லை, அண்ணன். இரண்டாவது கேள்வி ராபினைச் சந்தேகத்தில் நிறுத்துகிறது, பால்பாண்டி என்ற பெயரும் வெளியே வந்துவிட்டது. தகவல் வந்தது ஒரே வரி. அந்த வரிக்கு எடை வந்தது அதற்கு முன்னால் வந்த கேள்வியால்.

செல்லத்தாய் துணியைக் கீழே வைத்த இடத்தையும் கவனியுங்கள். ஓயாமல் நடக்கும் கைவேலை நின்றால் ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம். அதை அடிக்கடி செய்யாதீர்கள், ஒரு காட்சிக்கு ஒரு தடவை போதும்.

ஒரு துணைப் பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவரும் வரிசை:

1. எங்கே, எந்த நேரம், என்ன தெரிகிறது என்று இரண்டு வாக்கியம்.
2. கைவேலையைத் தொடங்குங்கள்.
3. அவர் கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் யோசிக்கும் அமைதி உங்களுக்கு நீளமாகத் தெரியும். பொறுங்கள்.
4. வந்த பதிலில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தகவலைக் கொடுங்கள்.
5. அவருக்கு வேண்டியதை நினைவூட்டி (“கடையச் சாத்தணும்ப்பா”) காட்சியை முடியுங்கள்.

பேச்சு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு வாயில் வருகிற வழக்கையே பேசுங்கள். அக்கா, அண்ணே, தம்பி, சார், மேடம் என்று யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைச் சரியாகப் பிடித்தால் வழக்கு முக்கால்வாசி வந்துவிடும். அந்தோணி ஆசிரியையை ‘டீச்சர்’ என்பார், பால்பாண்டி ராபினை ‘டிரைவரு’ என்பார், முருகேஸ்வரி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். காலத்தைச் சொல்வதிலும் ஊர் தெரியும். ‘2018-ல் குறிஞ்சி பூத்தப்ப’ என்று ஒருவர் சொன்னால் அவர் மலையில் வாழ்பவர்.

எதிர்பாராத ஆள் வந்தால்: பகடை

ஆட்டக்காரர்கள் நீங்கள் நினைக்காத கதவைத் தட்டுவார்கள். அப்போது இரண்டு ஆறு முகப் பகடையை உருட்டிக் கூட்டுங்கள். பழைய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முறையை நம் கதைக்கு ஏற்ப எளிமையாக்கித் தருகிறேன்.

- 2: கதவைச் சாத்திவிடுவார், ஆட்களைக் கூப்பிடுவார்
- 3 முதல் 5: வேண்டா வெறுப்பாகப் பேசுவார்
- 6 முதல் 8: யாரென்று எடைபோடுவார், கேள்வி கேட்பார்
- 9 முதல் 11: பேச்சுக் கொடுப்பார், சின்ன உதவி செய்வார்
- 12: உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்

இரண்டு பகடைக்கு மொத்தம் 36 வாய்ப்புகள். அதில் 16 வாய்ப்புகள் 6 முதல் 8-க்குள் விழும், 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்றுதான். வாழ்க்கையிலும் அறிமுகமில்லாத மனிதர் பெரும்பாலும் இந்த நடு நிலையில்தான் இருக்கிறார். பகடை உருளும் நேரத்தில் மூன்றாம் படியும் நான்காம் படியும் மட்டும் யோசித்தால் போதும்: அவருக்கு இப்போது என்ன வேண்டும், என்ன கேட்பார்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*துணைப் பாத்திரம் கதாநாயகராவது.* இதுதான் மிக மோசமானது. கேம் மாஸ்டருக்குப் பிடித்துப்போன ஒரு வனக்காவலர் கூடவே வருவார், காட்டுமாட்டை விரட்டுவார், கொட்டகையைக் கண்டுபிடிப்பார், வீரணனைத் தூக்கி வருவார். நான்கு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்தோணி கூட வந்தே ஆக வேண்டும் என்றால் அவருக்கு வேறொரு வேலை கொடுங்கள். மேலே நின்று விளக்குக் காட்டுவார், ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போவார். முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கக் கூடாது.

*இரண்டு துணைப் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது.* இரண்டுக்கும் நீங்களே குரல். மூன்றாவது வரியிலேயே மேசையில் கைப்பேசிகள் வெளியே வரும். பால்பாண்டிக்கும் முருகேஸ்வரிக்கும் சண்டை வந்தால் “வாசலில் வாக்குவாதம், கடன் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுகிறது” என்று சொல்லிவிட்டு, இருவரில் ஒருவரை ஆட்டக்காரர் பக்கம் திருப்பிவிடுங்கள்.

*எல்லாரும் பொய் சொல்வது.* ஐந்து பேரில் ஒருவர் மறைத்தால் அது திருப்பம். நாலு பேர் மறைத்தால் ஆட்டக்காரர்கள் யாரையும் நம்பாமல், கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

*ரகசியத்தைப் பூட்டி வைப்பது.* நல்ல கேள்வி கேட்டவருக்குப் பதில் கொடுங்கள். பகடை சரியாக விழவில்லை என்பதற்காக முருகேஸ்வரி கடைசிவரை வாய் திறக்காமல் இருந்தால் இழப்பு உங்கள் கதைக்குத்தான். பகடை தவறினால் தகவல் வரட்டும், விலையோடு வரட்டும். அவர் அழுதுகொண்டே சொல்வார், அக்கம்பக்கம் கேட்டுவிடும், பால்பாண்டிக்கும் சேதி போய்விடும்.

*எழுதி வைத்ததை வாசிப்பது.* அட்டையைப் பார்க்கலாம், வாசிக்கக் கூடாது.

பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நிஜ மனிதர்களைக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். நாயுடுபுரம் போன்ற ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். பெயரை மாற்றி அதே கடை, அதே கால் ஊனம், அதே குடும்பப் பிரச்சினை என்று வைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். கோயில், பூங்கா, ரோடு நிஜமாக இருக்கலாம். ஆள் மூன்று நான்கு பேரைக் கலந்து செய்தவராக இருக்க வேண்டும்.

சாதியையும் மதத்தையும் குணமாக்காதீர்கள். பழனி மலைத்தொடரில் பளியர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். காட்டுக்குள் மர்மமாகத் தோன்றி மூலிகை கொடுத்துவிட்டு மறைகிற ஆளாக அவர்களைக் காட்டுவது சினிமா கொடுத்த கெட்ட பழக்கம். உங்கள் கதையில் பளியர் ஒருவர் வந்தால் மற்றவர்களைப் போலவே அவருக்கும் இன்றைய தேவை, கேள்வி, கைவேலை எல்லாம் இருக்கட்டும். கடன்காரர், திருடர், குடிகாரர் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும்போது நின்று ஒரு தடவை யோசியுங்கள். கேலிக் குரலில் யாருடைய பேச்சையும் ஆட வேண்டாம், மேலே சொன்ன யாழ்ப்பாணத்து யாத்திரிகரின் பேச்சு உட்பட.

நிறுத்த வழி இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எது கதைக்குள் வரவே கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். மேசை நடுவில் பெரிதாக எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே விலகிவிடும், விளக்கம் கேட்கக் கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த இந்த முறை இன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. துணைப் பாத்திரம் மிரட்டும்போதும் அழும்போதும்தான் இதற்குத் தேவை அதிகம். பால்பாண்டி கடனைக் கேட்டுக் கத்துகிற காட்சி, வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு விளையாட்டாக இருக்காது.

அறையும் வழியும். குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துவிட்டு ஆடாதீர்கள். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கம் போல வந்து உயிரைக் கொண்டுபோய்விடும். கம்பளியும் சுக்குக்காப்பியும் போதும். ஆட்டம் முடிந்து இருட்டில் நடந்து போகாதீர்கள், காட்டுமாடு ரோட்டில் நிற்கும் நேரம் அது. எதிர்ப்பட்டால் நின்று, திரும்பி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். சிறுவர்கள் ஆடுகிறார்கள் என்றால், இருட்டில் காட்டுக்குள் இறங்குவது கதையில் மட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

அன்றே, எல்லாரும் கிளம்புவதற்கு முன், ஆட்டக்காரர்களிடம் ஒரு கேள்வி: “இன்னைக்குப் பாத்தவங்கள்ல யாரத் திரும்பப் பாக்கணும்?” பதிலில் வரும் இரண்டு பெயர்தான் அடுத்த ஆட்டத்தின் முதல் அட்டைகள். நீங்கள் ஆசை ஆசையாய் எழுதிய ஆள் அதில் இல்லையென்றால் அவரை உறைக்குள் போட்டு வையுங்கள்.

திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும் மூன்றாம் படியை மட்டும் அழித்துப் புதிதாக எழுதுங்கள். வீரணன் உயிரோடு கிடைத்தார் என்றால் முருகேஸ்வரிக்கு இப்போது ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வேண்டும். இம்ரானுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு வாய்ப்பு வேண்டும். குதிரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கயலிடம் கேட்கலாம். பால்பாண்டிக்கு மூட்டை கிடைக்கவில்லை, ஆனால் வீரணன் ஏன் கீழே இறங்கினார் என்று தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியை அட்டையில் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.